ஷிராஸ் (சிவப்பு ஒயின்)

ஷிராஸ் கருநீல நிறமுள்ள ஒரு திராட்சை வகை. அதிலிருந்து தயாரிக்கப்படும் செறிவான சிவப்பு ஒயினுக்கும் இதே பெயர் வழங்குகிறது. பிரான்ஸில் இதன் பெயர் சிரா. ஆழ்ந்த நிறம், வாயில் கனமாகத் தங்கும் தன்மை, துவர்ப்பு, கரும்பழங்களின் சுவை, மிளகை நினைவூட்டும் மணம் ஆகியவை இந்த ஒயினின் அடையாளங்கள். பெயரைக் கொண்டு இது ஈரானின் ஷிராஸ் நகரத்திலிருந்து வந்தது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 1998-ல் நடந்த மரபணு ஆய்வு இது தென்கிழக்கு பிரான்ஸில் தோன்றிய வகை என்று நிறுவியது. இன்று பிரான்ஸ், ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் பெருமளவில் பயிராகிறது. இந்தியாவில் மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் பயிராகிறது.

பெயர்கள்

ஒரே திராட்சைக்கு நாட்டுக்கு நாடு வெவ்வேறு பெயர்கள் உள்ளன. பிரான்ஸிலும் ஐரோப்பாவின் பிற பகுதிகளிலும் சிரா என்பது வழக்கு. ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஷிராஸ் என்பர். ஆஸ்திரேலியாவில் இதை ஹெர்மிடேஜ் என்று அழைக்கும் வழக்கமும் இருந்தது. பிரான்ஸில் இந்தத் திராட்சைக்குப் புகழ்பெற்ற ஒரு குன்றின் பெயர் அது. இந்தியத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் ஷிராஸ் என்ற பெயரையே பயன்படுத்துகின்றனர்.

புட்டியில் உள்ள பெயர் சில இடங்களில் பாணியையும் குறிக்கும். ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் நன்கு பழுத்த, கனமான ஒயினுக்கு ஷிராஸ் என்றும், குளிர்ந்த இடங்களில் விளைந்த, மிளகு மணம் மேலோங்கிய, சற்று மெலிந்த ஒயினுக்கு சிரா என்றும் பெயரிடும் தயாரிப்பாளர்கள் உள்ளனர். இது வணிக வழக்கம்தான், சட்ட விதி அல்ல. செடி இரண்டிலும் ஒன்றே.

பெட்டிட் சிரா என்ற பெயரில் விற்கப்படும் ஒயின் வேறு. அது டூரிஃப் என்னும் திராட்சையிலிருந்து வருவது. சிராவும் பெலூர்சின் என்ற வகையும் கலந்து பிறந்தது டூரிஃப். எனவே அதை சிராவின் பிள்ளை எனலாம்.

தோற்றம் பற்றிய கதைகள்

ஷிராஸ் திராட்சையின் பிறப்பிடம் பற்றி இரண்டு கதைகள் பரவலாக வழங்கின.

முதலாவது பாரசீகக் கதை. ஈரானின் ஃபார்ஸ் மாகாணத்தின் தலைநகரான ஷிராஸ் ஒயினுக்குப் பெயர்பெற்ற ஊர். 14-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் ஹஃபீஸ் வாழ்ந்து மறைந்ததும் அங்குதான். கஸ்பார் த ஸ்டெரிம்பர்க் என்ற வீரர் 13-ஆம் நூற்றாண்டில் சிலுவைப்போரிலிருந்து திரும்பும்போது இந்தக் கொடியைக் கொண்டுவந்தார் என்றும், ரோன் ஆற்றங்கரையில் ஒரு குன்றின் மேல் துறவியாக வாழ்ந்து அதை நட்டார் என்றும் சொல்வார்கள். ஹெர்மிடேஜ் என்ற சொல்லுக்குத் துறவியின் இருப்பிடம் என்பது பொருள்.

இரண்டாவது கதை சிசிலித் தீவின் சிராக்யூஸ் நகரத்தைப் பிறப்பிடமாகச் சொல்கிறது. ரோமப் பேரரசர் புரோபஸின் படைகள் 3-ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து இந்தக் கொடியை ரோன் பள்ளத்தாக்குக்குக் கொண்டுவந்தன என்பது அதன் சாரம்.

இரண்டு கதைகளுக்கும் அடிப்படை ஒலி ஒற்றுமை மட்டுமே. சிரா என்ற சொல் ஷிராஸுடனும் சிராக்யூஸுடனும் ஒத்து ஒலிக்கிறது என்பதைத் தவிர, செடி அந்த ஊர்களிலிருந்து வந்ததற்கு எந்தச் சான்றும் கிடைக்கவில்லை.

மரபணு ஆய்வு

1998-ல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரோல் மெரிடித் குழுவினரும், பிரான்ஸின் மான்பெலியே நகர ஆய்வாளர்களும் இணைந்து சிராவின் மரபணுவைப் பிற திராட்சை வகைகளுடன் ஒப்பிட்டனர். மனிதர்களில் பெற்றோரைக் கண்டறியப் பயன்படும் அதே முறைதான். ஒவ்வொரு மரபணுக் குறியீட்டிலும் ஒரு பாதி தாயிடமிருந்தும் மறுபாதி தந்தையிடமிருந்தும் வந்திருக்க வேண்டும். இந்தப் பொருத்தம் பல இடங்களில் தொடர்ந்து கிடைத்தால் உறவு உறுதியாகும்.

ஆய்வின் முடிவில் சிராவின் தாய் மோந்தூஸ் பிளான்ஷ் என்ற வெள்ளைத் திராட்சை என்றும், தந்தை துரேசா என்ற கருந்திராட்சை என்றும் தெரியவந்தது. மோந்தூஸ் பிளான்ஷ் சவோய் பகுதிக்கும், துரேசா அர்தேஷ் பகுதிக்கும் உரியவை. இரண்டும் தென்கிழக்கு பிரான்ஸில், ரோன் ஆற்றை ஒட்டி அமைந்த பகுதிகள். இவ்விரு வகைகளும் ஈரானிலோ சிசிலியிலோ பயிரிடப்பட்டதற்குத் தடயம் இல்லை. ஆகவே ஏதோ ஒரு காலத்தில், இரண்டு வகைகளும் அருகருகே வளர்ந்த ஒரு தோட்டத்தில் இயற்கையாக மகரந்தம் கலந்து சிரா பிறந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தனர்.

பெற்றோர் இருவரும் இன்று அதிகம் அறியப்படாத, அருகிவிட்ட வகைகள்.

ஷிராஸ் நகரின் பழைய ஒயின்

திராட்சை அங்கிருந்து வரவில்லை என்பதால் ஷிராஸ் நகரின் ஒயின் கற்பனை என்று ஆகிவிடாது. ஈரானின் ஸாக்ரோஸ் மலைப்பகுதியில் உள்ள ஹாஜி ஃபிரூஸ் தெப்பே என்ற தொல்லியல் களத்தில், சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முந்தைய பானைகளில் ஒயின் படிந்த தடயம் கண்டறியப்பட்டது. 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பயணிகள் ஷிராஸ் ஒயினைப் புகழ்ந்து எழுதினர். அக்காலத்தில் அது கடல் வழியாக இந்தியாவுக்கும் வந்தது. சூரத்தில் இருந்த ஐரோப்பிய வணிகர்கள் அதை அருந்தினர்.

ஆகவே பழைய பயணக் குறிப்புகளில் ஷிராஸ் ஒயின் என்று வருவது பாரசீக நகரத்து ஒயினைக் குறிக்கும். இன்றைய புட்டிகளில் ஷிராஸ் என்றிருப்பது பிரெஞ்சுத் திராட்சை வகையைக் குறிக்கும். இரண்டும் ஒன்றல்ல. ஈரானில் 1979 புரட்சிக்குப் பின் மது தயாரிப்பும் விற்பனையும் தடைசெய்யப்பட்டன.

ரோன் பள்ளத்தாக்கு

சிராவின் பழம்பெரும் நிலம் ரோன் ஆற்றின் வடபகுதி. அங்கே ஹெர்மிடாஜ், கோட் ரோட்டி, கோர்னாஸ் ஆகிய இடங்களின் ஒயின்கள் புகழ்பெற்றவை. ஹெர்மிடாஜ் என்பது ஆற்றின் இடக்கரையில், தெற்கு நோக்கிச் சரியும் ஒரு குன்று. அதில் திராட்சைத் தோட்டங்களின் மொத்தப் பரப்பு 150 ஹெக்டேரை எட்டாது. பகல் முழுவதும் வெயிலை வாங்கும் சரிவாக இருப்பதால் திராட்சை நன்கு பழுக்கிறது.

18, 19-ஆம் நூற்றாண்டுகளில் பர்தோ நகர வணிகர்கள் தங்கள் ஒயின் மெலிந்துபோன ஆண்டுகளில் அதில் ஹெர்மிடாஜ் ஒயினைக் கலந்து கனம் கூட்டினர். இதை அவர்கள் மறைக்கவில்லை. அப்படிக் கலந்த ஒயினுக்கு விலை கூடுதலாகவே கிடைத்தது. சிராவின் செறிவுக்கு அன்றே இருந்த மதிப்பை இது காட்டுகிறது.

கோட் ரோட்டியில் சிராவுடன் வியோனியே என்ற வெள்ளைத் திராட்சையைச் சிறிதளவு சேர்த்து ஒன்றாக நொதிக்க வைக்கும் மரபு உண்டு. வெள்ளைத் திராட்சை சேர்வதால் நிறம் வெளுக்கும் என்று தோன்றும். ஆனால் சிறிதளவு சேர்த்தால் நிறம் நிலைப்படுகிறது, நறுமணமும் கூடுகிறது.

ஆஸ்திரேலியா

ஜேம்ஸ் பஸ்பி என்பவர் 1831-ல் ஸ்பெயினிலும் பிரான்ஸிலும் பயணம் செய்து நூற்றுக்கணக்கான திராட்சை வகைகளின் குச்சிகளைச் சேகரித்தார். அவை 1832-ல் சிட்னிக்கு வந்து அங்குள்ள தாவரவியல் பூங்காவில் நடப்பட்டன. அத்தொகுப்பில் சிராவும் இருந்தது. அங்கிருந்து குச்சிகள் பல பகுதிகளுக்குப் பரவின.

தெற்கு ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கில் 1840-களில் நடப்பட்ட ஷிராஸ் கொடிகள் இன்றும் காய்க்கின்றன. இது ஐரோப்பாவில் அரிது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபைலாக்சரா என்னும் வேர்ப்பூச்சி ஐரோப்பியத் தோட்டங்களை அழித்தது. அதன் பின் அங்கே பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்ச்செடிகளின் மேல் ஒட்டுக்கட்டித்தான் திராட்சை வளர்க்க முடிந்தது. அந்தப் பூச்சி தெற்கு ஆஸ்திரேலியாவை எட்டவில்லை. அதனால் பரோசாவின் மூத்த கொடிகள் சொந்த வேரிலேயே நிற்கின்றன. முதிர்ந்த கொடி குறைவாகக் காய்க்கும். விளைச்சல் குறையும்போது பழத்தில் சாறு செறிவாகிறது.

1951-ல் பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தின் ஒயின் தயாரிப்பாளர் மேக்ஸ் ஷூபர்ட், நீண்டகாலம் முதிரக்கூடிய ஷிராஸ் ஒயினைச் சோதனையாகத் தயாரித்தார். கிரேஞ்ச் என்ற அந்த ஒயின் தொடக்கத்தில் பிடிக்காமல்போகவே, 1957-ல் தயாரிப்பை நிறுத்துமாறு நிர்வாகம் சொன்னது. ஷூபர்ட் மறைவாகத் தொடர்ந்து தயாரித்தார். முந்தைய ஆண்டுகளின் புட்டிகள் முதிர்ந்து சுவை கூடியபின் நிர்வாகம் மனம் மாறியது. கிரேஞ்ச் இன்று ஆஸ்திரேலியாவின் மிகப் புகழ்பெற்ற ஒயின். ஆஸ்திரேலியாவில் அதிகப் பரப்பில் பயிராகும் ஒயின் திராட்சையும் ஷிராஸ்தான்.

தன்மை

செறிவு

ஒயினின் செறிவு என்பது அது வாயில் உணர்த்தும் கனம். தண்ணீர் கலந்த பாலுக்கும் காய்ச்சிய கெட்டிப் பாலுக்கும் நாக்கு உணரும் வேறுபாட்டைப் போன்றது இது. சர்க்கரைக்கும் செறிவுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஷிராஸ் பெரும்பாலும் இனிப்பில்லாத ஒயின். செறிவைத் தருபவை மூன்று:

ஆல்கஹால்: நன்கு பழுத்த திராட்சையில் சர்க்கரை அதிகம். அது நொதித்து ஆல்கஹால் ஆகிறது. ஷிராஸில் ஆல்கஹால் பொதுவாக 13 முதல் 15 சதவீதம் வரை இருக்கும்.

டானின்: தோலிலும் விதையிலும் உள்ள துவர்ப்புப் பொருள். தேநீரிலும் வாழைக்காய்த் தோலிலும் உணரும் துவர்ப்பும் இத்தகையதே. இது உமிழ்நீரின் புரதங்களுடன் பிணைவதால் நாக்கு வறண்டு இழுப்பதுபோல் தோன்றும்.

கரைந்த பொருட்கள்: நிறமிகள், அமிலங்கள், கிளிசரால் போன்றவை.

ஷிராஸ் பழம் சிறியது. சாற்றோடு ஒப்பிடும்போது தோலின் பங்கு அதிகம். நிறமும் டானினும் தோலில் இருப்பதால் ஒயின் இயல்பாகவே கருஞ்சிவப்பாகவும் கனமாகவும் அமைகிறது.

மணமும் சுவையும்

இளம் ஷிராஸில் நாவல்பழத்தையும் கரும்பிளம்ஸையும் ஒத்த பழச்சுவை முன்நிற்கும். வெப்பமான இடத்து ஒயினில் பழக்கூழ், சாக்லேட், அதிமதுரம் ஆகியவற்றின் சாயல் தோன்றும். குளிர்ந்த இடத்து ஒயினில் மிளகு, ஆலிவ், ஊதாப்பூ, புகை ஆகியவை தோன்றும். ஆண்டுகள் செல்லச்செல்லத் தோல், மண், உலர்பழம் போன்ற மணங்கள் எழும்.

மிளகு மணம்

ஷிராஸில் மிளகு மணப்பது வெறும் உவமை அல்ல. 2008-ல் ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதற்குக் காரணமான வேதிப்பொருளைக் கண்டறிந்து வெளியிட்டனர். அதன் பெயர் ரொட்டண்டோன். மிளகுக்கு அதன் மணத்தைத் தரும் முக்கியப் பொருளும் அதுவே. மிளகில் இது ஒயினைவிடப் பல ஆயிரம் மடங்கு அதிகம். ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் 16 நானோகிராம் இருந்தாலே மனித மூக்கு உணரும். ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோகிராம்.

அதே ஆய்வில், சோதனையில் பங்கேற்றவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரால் மிக அதிக அளவிலும் இந்தப் பொருளை முகர முடியவில்லை. ஒரே கோப்பையை இருவர் முகர்ந்து ஒருவர் மிளகு என்றும் மற்றவர் அப்படி எதுவும் இல்லை என்றும் சொன்னால் இருவரும் உண்மையே சொல்லக்கூடும்.

தயாரிப்பு முறை

திராட்சையின் சாறு பெரும்பாலும் நிறமற்றது. சிவப்பு ஒயினுக்கு நிறம் வருவது தோலையும் சாற்றையும் சேர்த்து நொதிக்க வைப்பதால்தான். பழத்தைக் காம்பிலிருந்து பிரித்து, லேசாக நசுக்கி, தொட்டியில் இடுவர். ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றும். எழும் வாயு தோல்களை மேலே தள்ளி ஒரு தடித்த அடுக்காக மிதக்கச் செய்யும். அதைத் தினமும் பலமுறை அமிழ்த்தியும், அடியில் உள்ள சாற்றை மேலே ஊற்றியும் நிறத்தையும் டானினையும் இறக்குவர்.

ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குப் பின் தோல்களைப் பிழிந்து நீக்குவர். அடுத்து பாக்டீரியாக்களால் இரண்டாவது மாற்றம் நிகழும். கூர்மையான மாலிக் அமிலம் மென்மையான லாக்டிக் அமிலமாக மாறும். பிறகு ஒயின் ஓக் மரப்பீப்பாய்களில் பல மாதங்கள் முதிரும். பீப்பாயின் துளைகள் வழியே மிகச் சிறிதளவு காற்று உட்சென்று துவர்ப்பை மென்மையாக்கும். அமெரிக்க ஓக் மரம் தேங்காய், வனிலா மணத்தைத் தரும். பரோசா ஷிராஸில் இந்த மணம் மரபாக இருந்துவருகிறது. பிரெஞ்சு ஓக் மரத்தின் மணம் அடக்கமானது.

இந்தியாவில் ஷிராஸ்

இந்தியாவில் ஷிராஸ் பயிராகும் முக்கிய இடங்கள் மகாராஷ்டிரத்தின் நாசிக்கும் பெங்களூருக்கு அருகிலுள்ள நந்தி மலைப் பகுதியும். 1980-களில் கன்வல் குரோவர் பிரெஞ்சு வல்லுநர்களின் உதவியுடன் நந்தி மலை அடிவாரத்தில் ஐரோப்பிய ஒயின் திராட்சைகளைப் பயிரிட்டார். அவரது நிறுவனத்தின் லா ரிசர்வ் ஒயின் காபர்னே சோவின்யோனும் ஷிராஸும் கலந்தது. நாசிக்கில் ராஜீவ் சமந்த் தொடங்கிய சுலா நிறுவனம் 2000-ல் முதல் ஒயின்களை வெளியிட்டது. திண்டோரி ரிசர்வ் ஷிராஸ் அதன் பெயர்பெற்ற சிவப்பு ஒயின்களில் ஒன்று. மகாராஷ்டிர அரசு 2001-ல் ஒயின் தொழிலுக்கென அறிவித்த கொள்கை நாசிக்கில் தொழிற்சாலைகள் பெருகத் துணைசெய்தது.

ஐரோப்பாவில் திராட்சைக் கொடி குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும். இந்தியாவில் அத்தகைய குளிர் இல்லாததால் கொடி உறங்குவதில்லை. எனவே விவசாயிகள் ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்கின்றனர். ஏப்ரல் வாக்கில் செய்யும் கவாத்து காய்க்கும் கிளைகளை உருவாக்குவதற்கு. மழை ஓயும் செப்டம்பர், அக்டோபரில் செய்யும் கவாத்து காய்ப்புக்கு. இதனால் பழம் பருவமழையில் அழுகாமல், வறண்ட, இரவு குளிர்ந்த ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலத்தில் பழுக்கிறது. இரவுக் குளிர் பழத்தின் அமிலத்தையும் நிறத்தையும் காக்கும். நாசிக் கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருப்பதும் இதற்கு உதவுகிறது.

தமிழகமும் திராட்சை ஒயினும்

அரிக்கமேடு

விழுப்புரம் மாவட்டத்தை ஒட்டிய புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேடு, தமிழகக் கடற்கரைக்கு மத்தியதரைக் கடல் நாடுகளின் ஒயின் வந்ததற்கான முக்கியச் சான்றிடம். 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்தார். 1947 முதல் 1950 வரை ழான் மரி கஸாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் ஆய்வைத் தொடர்ந்தனர். அங்கே கிடைத்த ஆம்போரா எனப்படும் இருகைப்பிடிச் சாடிகளின் உடைசல்களில் கிரேக்கத் தீவான கோஸின் பாணியைச் சேர்ந்தவை கணிசமானவை. கோஸ் ஒயின் கடல்நீர் சேர்த்துத் தயாரிக்கப்பட்டது. நீண்ட கடற்பயணத்தில் கெடாமல் இருக்க அது உதவியது. யவனர் கொண்டுவந்த மதுவை மன்னர் அருந்துவது பற்றி நக்கீரர் பாடிய புறநானூற்றின் 56-ஆம் பாடல் குறிப்பிடுகிறது.

அந்தச் சாடிகளில் வந்தது ஷிராஸ் என்று சொல்ல எந்த அடிப்படையும் இல்லை. ஆனால் அதே வணிகத்தில் சேர நாட்டு முசிறித் துறைமுகத்திலிருந்து ரோமுக்குச் சென்ற முதன்மைச் சரக்கு மிளகு.

கம்பம் பன்னீர் திராட்சை

தமிழ்நாட்டில் அதிகம் அறியப்பட்ட கருந்திராட்சை தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை. இதன் வகைப்பெயர் மஸ்கட் ஹாம்பர்க். 1832-ல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இதை அறிமுகப்படுத்தியதாகக் கூறப்படுகிறது. 2023-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இதிலிருந்தும் ஒயின் தயாரிக்கலாம். ஆனால் அது ஷிராஸின் செறிவைத் தராது. பன்னீர் திராட்சை உண்பதற்கு ஏற்ற, சாறு மிகுந்த, பன்னீர் மணமுள்ள பழம். அதன் தோலில் நிறமும் துவர்ப்பும் ஷிராஸை விடக் குறைவு. கம்பத்தில் ஆண்டின் எல்லாப் பருவங்களிலும் அறுவடை நடக்கிறது. சந்தைக்குப் பழம் விற்கும் விவசாயிக்கு அது நன்மை. செறிவான ஒயினுக்கோ குறைந்த விளைச்சலும் மெதுவாகப் பழுக்கும் ஒரே நீண்ட பருவமும் தேவை.

உடல்நலம்

சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ரால் அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆனால் ஒயினில் அதன் அளவு மிகக் குறைவு. ஷிராஸ் செறிவான ஒயின் என்பதால் ஆல்கஹாலும் அதிகம். 14 சதவீத ஆல்கஹால் கொண்ட 150 மில்லிலிட்டர் ஒயினில் சுமார் 17 கிராம் தூய ஆல்கஹால் உள்ளது. ஆல்கஹால் கலந்த பானங்களைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1988-ல் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. எந்த அளவு மதுவும் உடல்நலத்துக்குப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெரிவித்தது. இந்த முடிவு எல்லா வகை மதுவுக்கும் பொருந்தும். ஒயினுக்கு விலக்கு இல்லை.